மேஜர் பரமேஸ்வரனும் ஒரு பஸ் இருக்கையும்

பணியில் இருந்த காலத்தில் ஒருமுறை போடியிலிருந்து மூணாறு பஸ்ஸில் சென்றேன். விடுமுறையில் ஊர் திரும்பும் ஜவான் ஒருவர், தகரப் பெட்டியுடன், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்றுகொண்டே கடந்தார். நான் உட்பட யாரும் இடம் தரவில்லை. சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் ஞாபகம் வந்தது. வெட்கமாகிவிட்டது.

அவர் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். என்னைப் போலவே விஞ்ஞானப் பட்டதாரி. வயதிலும் அதிக வித்தியாசமில்லை. நான் சர்க்கார் உத்தியோகம் தேடினேன். அவரோ சென்னையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி பெற்று, 1972ல் மஹார் ரெஜிமெண்டில் சேர்ந்தார்.

1987ல் இந்திய அமைதிப்படையுடன் இலங்கை சென்றார். நவம்பர் 25 அன்று இரவு, தேடுதல் பணி முடித்துத் திரும்புகையில், பதுங்கியிருந்தவர்கள் அவரது படையைத் தாக்கினர். அவர் நிதானம் இழக்காமல் அவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். மார்பில் குண்டு பாய்ந்த பின்னும், சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்தினார். உயிர் பிரியும் வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். அப்போது வயது 41. தேசம் அவருக்குப் பரம்வீர் சக்ரா அளித்தது. 2023ல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

தீவுக்குப் பெயர் சூட்டுவது சர்க்காரின் கடமை. பஸ்ஸில் இடம் தருவது நம்முடையது. அன்று எழுந்து, மறுத்த ஜவானை வற்புறுத்தி உட்கார வைத்தேன். அவர் பூப்பாறையில் இறங்கிவிட்டார். மலை ஏறும்போதே எழுந்திருக்கலாமே என்ற குறை இன்றும் இருக்கிறது.