தேவிபிரசாத் ராய் சௌத்ரி

சென்னைக் கடற்கரையில், நால்வர் ஒன்றுகூடிப் பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க முயலும் வெண்கலச் சிலையைக் கண்டு நில்லாதார் அரியர். முறுக்கேறிய தசையும், ஊன்றிய காலும், வளைந்த முதுகும் உழைப்பின் அருமையைப் பேசாமற் பேசுகின்றன. 1959 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்ற அவ்வுழைப்பாளர் சிலையை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி ஆவார்.

இவர் 1899 ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்தைச் சார்ந்த ரங்கப்பூர்ப் பகுதியில் நிலக்கிழார் குடியில் தோன்றினார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியமும், ஹிரண்மய ராய் சௌத்ரியிடம் சிற்பமும் பயின்றார். மற்போரிலும் குழலிசையிலும் இவருக்கு விருப்பம் மிகுதி. மல்லர் உடலை நன்கறிந்த கை தசையின் இயல்பைத் தவறவிடாமை வியப்பன்று.

1929 ஆம் ஆண்டு இவர் சென்னை அரசினர் கலைத் தொழிற்பள்ளியின் தலைவரானார். 1850 இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளிக்கு இந்தியர் ஒருவர் தலைமை பூண்டது அதுவே முதன்முறை. கைத்தொழிலே ஓங்கியிருந்த அவ்விடத்தில் ஓவியமும் சிற்பமும் உயர்கலைகளாக வளர இவர் வழி வகுத்தார். உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி, நோக்கி நோக்கி உருவமைக்கும் பயிற்சியை வலியுறுத்தினார்.

சிற்பம் பயிறல் எளிதன்று. ஓவியத்தை ஒருபுறம் நின்றே காணலாம். சிற்பத்தையோ சுற்றிவந்து காணல் வேண்டும். முன்னின்று நோக்க அழகாய் விளங்கும் தோள், பின்சென்று நோக்கின் முறிந்த கிளை போலத் தோன்றலும் கூடும். ஆதலின் மாணவன் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போன்றதொரு சட்டம் கட்டி, அதன்மேல் களிமண்ணை அப்பி, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே திருத்துவான். ஈரம் உலர்ந்தால் மண் வெடிக்கும். கம்பி வலுவற்றதாயின் பல நாள் உழைப்பு ஒரு நொடியிற் சரியும். பிறகே அச்செடுத்தலும் வெண்கலம் வார்த்தலும் நிகழும்.

இவர் உடலின் மெய்யான வடிவையே போற்றியவர். இவரிடம் பயின்ற பணிக்கரும் தனபாலும் பின்னாளில் வேறு நெறி நாடினர். எனினும் அவ்விருவரும் இவர் தலைமையிலேயே அப்பள்ளியில் ஆசிரியராயினர். 1957 இல் இவர் ஓய்வு பெற்றபின் பணிக்கரே தலைவரானார். ஆசிரியருக்கு இதனினும் பெரும்பேறு யாது?

1942 ஆகஸ்டு 11 ஆம் நாள் பாட்னாச் செயலகத்தில் நாட்டுக் கொடியேற்றச் சென்ற மாணவர் எழுவர் சுடப்பட்டு இறந்தனர். அவ்விளைஞரின் நினைவாக அந்நகரில் 1956 இல் எழுந்த சிலைத்தொகுதியும் இவர் படைப்பே. 1958 இல் பத்மபூஷண் விருது பெற்ற இவர், 1975 ஆம் ஆண்டு காலமானார்.