கம்பியில்லா அலை கண்ட போஸ்

2002-இல் அமெரிக்காவின் கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளில் சிறுசிறு உணர்கருவிகளை வைத்தனர். ஒவ்வொன்றுக்கும் உணவு சில மின்கலங்களே. அலை அனுப்புவதும் அலைக்காகக் காத்திருப்பதும் அந்த மின்னாற்றலில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆதலின் இத்தகைய வலைப்பின்னல்களில் எல்லா அளவுகளையும் நடுநிலையத்தில் குவிக்காமல், கேள்வியையே கருவிகளிடம் அனுப்பும் முறையை வகுத்தனர். மிகுந்த வெப்பம் எவ்வளவு என்று கேட்டால், ஒவ்வொரு கருவியும் அண்டையிலிருந்து வந்த எண்ணைத் தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பெரியதை மட்டும் மேலே அனுப்பும், பிறகு உறங்கும்.

இக்கருவிகளின் முன்னோர் யார் என்று தேடுவோர் கல்கத்தாவுக்கு வரவேண்டும்.

ஜகதீச சந்திர போஸ் 1858-இல் வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. ஆயினும் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவிடம் பயின்று திரும்பிய போஸ், 1885-இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையருக்குக் கொடுத்த ஊதியம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் சண்டையிடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். வீட்டிலோ கடன். 1887-இல் அவர் மணந்த அபலா அம்மையார் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இறுதியில் முழு ஊதியமும் பின்தேதியிட்டுக் கிடைத்தது.

கல்லூரியில் நல்ல ஆய்வகமில்லை. ஒரு சிற்றறையில், உள்ளூர்த் தகரவேலைக்காரரின் துணையோடு, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். பிறர் நீண்ட அலைகளை நாடிய காலம் அது! அலைகள் சுவரைத் துளைத்துச் சென்று மணியடித்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. அக்காலத்து ஏற்பியில் இரும்புத்தூள் ஒருமுறை அலைபட்டால் ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட்டால்தான் அடுத்த அலையை உணரும். போஸ் 1899-இல் வெளியிட்ட இரும்பும் பாதரசமும் கொண்ட ஏற்பிக்குத் தட்டுதல் வேண்டியதில்லை; அது தானே மீளும்.

அவரே வானொலியைக் கண்டவர் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவர். அது வேண்டாத மிகை. செய்தி அனுப்பும் தொழிலில் அவருக்கு நாட்டமில்லை. அலையின் இயல்பை அறியவே விரும்பினார். மார்க்கோனியின் பணி வேறு. ஆனால் கலீனா என்னும் ஈயத் தாதுவை உணர்வியாக்கி, நண்பர்களின் வற்புறுத்தலால் 1901-இல் விண்ணப்பித்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது அவருடைய தனிப்பெருமை. இன்றைய குறைகடத்தி உணர்விகளின் வரிசையில் அது மிக முந்தியது. அந்த உரிமையையும் காலாவதியாக விட்டுவிட்டார். பெருந்தன்மைதான், என்றாலும் அத்தொகை ஓர் ஆய்வகத்துக்கு உதவியிருக்குமே என்று எனக்குத் தோன்றாமலில்லை.

பின்னர் அவர் மனம் செடிகளின்பால் சென்றது. கண்ணுக்குப் புலப்படாத வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை அமைத்தார். செடிக்கும் உணர்வுண்டு என்ற அவர் முடிவுகளை உயிரியலார் பலர் ஏற்கவில்லை. 1917-இல் தம் பெயரால் ஆய்வகம் நிறுவினார். 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார்.

அவர் சிற்றறையில் எழுப்பிய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இன்று குறுந்தொலைவுக் கம்பியில்லாக் கருவிகள் சில பேசிக்கொள்கின்றன.