ஒலிம்பிக் தங்கத்தை விட்டுக் கொடுத்த சென்னை வீரர்

1934-ம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ந் தேதி. சென்னை சேப்பாக்கம் மைதானம்.

இந்தியாவின் பல பகுதி அணிகளும் தங்களுக்குள் மோதும் கிரிக்கெட் போட்டி அன்றுதான் பிறந்தது. ரஞ்சி கோப்பை என்று இன்று நாம் சொல்லும் போட்டி அதுதான். முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும்.

முதல் பந்தை வீச ஓர் இளைஞர் ஓடி வந்தார். வயது 25. அவர் கையை விட்டுப் பந்து கிளம்பிய அந்த வினாடியில் ரஞ்சி கோப்பையின் வரலாறு தொடங்கியது.

அந்த இளைஞரின் பெயர் எம்.ஜே.கோபாலன்.

ஆட்டம் அன்றே முடிந்துவிட்டது. மைசூர் அணி முதலில் 48 ரன், அடுத்து 59 ரன். சென்னை எடுத்தது 130 ரன். ஒரு இன்னிங்சும் 23 ரன்னும் வித்தியாசத்தில் சென்னை வென்றது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

கிரிக்கெட்டில் இப்படிப் பெயர் எடுத்த கோபாலன், ஆக்கி ஆட்டத்திலும் சூரர். இரண்டு விளையாட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். ஆனால் அந்த இரட்டைத் திறமையே ஒரு நாள் அவரைப் பெரிய தர்மசங்கடத்தில் நிறுத்தியது.

கிராமத்தில் இருந்து திருவல்லிக்கேணிக்கு

செங்கற்பட்டு மாவட்டத்தில் மொரப்பாக்கம் என்று ஒரு கிராமம். அங்கே 1909-ம் ஆண்டு ஜூன் மாதம் 6-ந் தேதி கோபாலன் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் "எம்" என்ற எழுத்து அந்த ஊரைத்தான் குறிக்கிறது.

குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. ஒரு பக்கம் பார்த்தசாரதி கோவில். ஒரு பக்கம் கடற்கரை. கூப்பிடு தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். விளையாட்டில் ஆசையுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல பேட்டை ஏது?

கோபாலன் வேகமாகப் பந்து வீசினார். அதைக் கவனித்தவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். சென்னை கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். தாமும் நல்ல ஆட்டக்காரர். திறமை எங்கே இருந்தாலும் தேடிப் பிடிக்கும் கண் அவருக்கு உண்டு.

ஜான்ஸ்டன் பாராட்டிவிட்டுப் போகவில்லை. பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கோபாலனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் சங்கத்திலும் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் விளையாட்டில் பணம் கிடையாது. மாதச் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால்தான் மைதானத்துக்குப் போக முடியும். ஜான்ஸ்டன் செய்த உதவி எவ்வளவு பெரியது என்பது இதில் இருந்தே தெரியும்.

உலக வீரரைச் சாய்த்த பந்து

கோபாலன் வீசும் பந்து நேராக வருவது போல வரும். கடைசி நேரத்தில் சற்று விலகும். ஆட்டக்காரர் ஏமாந்தால் தொலைந்தார்.

அப்படி ஏமாந்தவர்களில் ஒருவர் சாமானியர் அல்ல. இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸ். முதல்தரப் பந்தயங்களில் 190-க்கும் அதிகமான சதங்களை அடித்தவர். விஜயநகரம் மகாராஜகுமார் அமைத்த அணியில் ஹாப்ஸ் 1930-ம் ஆண்டு இந்தியாவுக்கு ஆட வந்தார். அவருடைய விக்கெட்டைக் கோபாலன் பந்தால் வீழ்த்தினார். அப்போது கோபாலனுக்கு வயது 21.

1933-ம் ஆண்டின் கடைசியில் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் டெஸ்டு பந்தயம் நடந்தது அதுவே முதல் தடவை. கல்கத்தாவில் நடந்த இரண்டாவது டெஸ்டில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. 1934-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்தப் பந்தயம் நடந்தது. அவருக்கு முன் சென்னையில் இருந்து யாரும் டெஸ்டு ஆடியது இல்லை.

அதில் அவர் ஒரு விக்கெட் எடுத்தார். முதல் இன்னிங்சில் 11 ரன் எடுத்து ஆட்டம் இழக்காமல் நின்றார். இரண்டாவது இன்னிங்சில் 7 ரன். பந்தயம் வெற்றி தோல்வி இன்றி முடிந்தது.

அடுத்த டெஸ்டு பிப்ரவரி மாதம். இடம்? அவருடைய சொந்த மைதானமான சேப்பாக்கம். சேப்பாக்கத்தின் முதல் டெஸ்டும் அதுதான். ஆனால் அணியில் கோபாலன் பெயர் இல்லை.

வேகப் பந்துக்கு அன்று முகமது நிசார், அமர்சிங் என்று இரண்டு புலிகள் இருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு வழி கிடைப்பது கஷ்டமாக இருந்தது.

கடல் கடந்த ஆக்கி வீரர்

கிரிக்கெட்டில் கதவு மூடியபோது ஆக்கியில் கதவு திறந்தது.

1935-ம் ஆண்டு இந்திய ஆக்கி அணி நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. தலைவர் தியான் சந்த். பந்தை மட்டையில் ஒட்ட வைத்துக்கொண்டு ஓடுகிறாரோ என்று பார்த்தவர்கள் வியந்த மாவீரர். அவருடைய தம்பி ரூப்சிங்கும் அணியில் இருந்தார். அவர்களோடு கப்பல் ஏறியவர்களில் நம் கோபாலனும் ஒருவர்.

இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று அந்தப் பயணத்தில் இந்திய அணி மொத்தம் 48 ஆட்டங்கள் ஆடியது. 48-லும் வெற்றி. போட்ட கோல்கள் 584. அதில் தியான் சந்த் மட்டும் போட்டவை 201. எதிரிகள் எல்லோரும் சேர்ந்து போட்டவை 40 தான்.

இப்படிப்பட்ட அணியில் ஆடிய கோபாலன் இப்போது இரட்டை வீரர் ஆகிவிட்டார். கிரிக்கெட்டிலும் இந்தியா. ஆக்கியிலும் இந்தியா.

ஹாலந்து நாட்டின் இரட்டை வீரர்

இரண்டு விளையாட்டில் கொடிகட்டிப் பறந்தவர்கள் உலகில் சிலரே. அவர்களில் ஒருவர் ஹாலந்து நாட்டு யாப் ஈடன். 1873-ம் ஆண்டு பிறந்து 1925-ம் ஆண்டு மறைந்தவர். அவருடைய முதல் விளையாட்டு, உறைந்த நீரின் மேல் சறுக்கி ஓடுவது.

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலுக்குப் போனவர்கள் அதிகாலையில் புல்வெளி மேல் உப்பைத் தூவியது போல உறைபனி படிந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே உள்ள ஏரி உறைந்து கெட்டியாவது இல்லை. ஹாலந்தில் அப்படி அல்ல. கடும் குளிர் வந்தால் ஏரியும் கால்வாயும் பனிக்கட்டி ஆகிவிடும். பூட்சுக்கு அடியில் கத்தி போன்ற இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு மக்கள் அதன் மேல் சறுக்கி ஓடுவார்கள்.

அந்த ஓட்டத்தில் ஈடன் 1893, 1895, 1896 ஆகிய ஆண்டுகளில் உலக வீரர் பட்டம் பெற்றார். அதோடு நிற்கவில்லை. 1894, 1895 ஆகிய ஆண்டுகளில் சைக்கிள் பந்தயத்திலும் உலகப் பட்டம் வென்றார்.

ஈடனுக்கு ஒரு வசதி இருந்தது. பனிச் சறுக்கு குளிர்காலத்து விளையாட்டு. சைக்கிள் பந்தயம் கோடைகாலத்து விளையாட்டு. ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று. இதுவா அதுவா என்று தவிக்க வேண்டியது இல்லை.

கோபாலனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 1936-ம் ஆண்டு அவருடைய இரண்டு விளையாட்டும் ஒரே கோடையில் வந்து மோதின.

பெர்லினா? லண்டனா?

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம். 1928, 1932 இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாதான் ஆக்கித் தங்கம் வென்றிருந்தது. மூன்றாவது தடவையும் தங்கம் இந்தியாவுக்கே என்று நாடே நம்பியது. நியூசிலாந்து சென்று வந்த கோபாலனுக்கும் அந்த அணியில் இடம்பெற நல்ல வாய்ப்பு இருந்தது.

அதே கோடையில் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை நீளும் பயணம். மூன்று டெஸ்டுகள். அதற்கும் கோபாலனைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு ஓடத்தில் கால் வைக்க முடியாது. ஒன்றை விட்டாக வேண்டும்.

கிரிக்கெட் பிறந்த நாடு இங்கிலாந்து. அங்கே போய் ஆடுவது அந்த நாளில் ஒவ்வொரு இந்திய ஆட்டக்காரரின் கனவு. கோபாலனின் டெஸ்டு கணக்கோ ஒன்றோடு நின்று போயிருந்தது. மேலும் மூன்று டெஸ்டுகள் கண் எதிரே இருந்தன.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆக்கி மட்டையைக் கீழே வைத்தார்.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம்

இங்கிலாந்துப் பயணம் நல்லபடியாக அமையவில்லை. அணித் தலைவர், முன்பு ஹாப்சை அழைத்து வந்த அதே விஜயநகரம் மகாராஜகுமார். அணிக்குள் ஒற்றுமை இல்லை. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

முதல் டெஸ்டு வந்தது. கோபாலனுக்கு இடம் இல்லை. இரண்டாவது டெஸ்டு வந்தது. அதிலும் இல்லை. மூன்றாவது டெஸ்டு லண்டன் ஓவல் மைதானத்தில் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி தொடங்கியது. அன்றும் அவர் வெளியேதான் இருந்தார்.

அதே ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் என்ன நடந்தது?

ஆக்கி இறுதி ஆட்டம் முதல் நாளே நடந்திருக்க வேண்டியது. மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. எதிரி ஜெர்மனி. முதல் பாதியில் இந்தியா ஒரே ஒரு கோல்தான் போட்டது. இரண்டாவது பாதியில் தியான் சந்தும் தோழர்களும் புயலாக மாறினார்கள். 8 கோலுக்கு 1 என்ற கணக்கில் இந்தியா வென்றது. நியூசிலாந்தில் கோபாலனோடு ஆடிய தியான் சந்தும் ரூப்சிங்கும் தங்கப் பதக்கம் பெற்றார்கள்.

ஓவல் பந்தயத்தில் இந்தியா தோற்றது. மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோல்வி. கோபாலன் ஒரு டெஸ்டுகூட ஆடாமல் ஊர் திரும்பினார். டெஸ்டும் இல்லை. தங்கமும் இல்லை.

அதே பயணத்தில் சென்னையின் இன்னொரு இரட்டை வீரரும் இருந்தார். அவர் சி.ராமசாமி. டேவிஸ் கோப்பை டென்னிசில் 1922-ம் ஆண்டு இந்தியாவுக்காக ஆடியவர். 40 வயதில் அவருக்கு இரண்டு டெஸ்டுகள் கிடைத்தன. தமது முதல் டெஸ்டிலேயே 40, 60 என்று ரன் குவித்தார். அதிர்ஷ்டம் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போனது.

அடுத்த வாய்ப்பு வரும் என்று காத்திருக்கவும் வழி இல்லை. 1939-ம் ஆண்டு உலகப் போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவே இல்லை. இந்தியா மறுபடி டெஸ்டு ஆடியது 1946-ம் ஆண்டுதான். அப்போது கோபாலனுக்கு 37 வயது. வேகப் பந்து வீச்சாளருக்கு அது ஓய்வு பெறும் வயது.

சோர்ந்து போகாத மனிதர்

இப்படி ஒரு அடி விழுந்தால் பலர் விளையாட்டையே வெறுத்துவிடுவார்கள். கோபாலன் பந்தைக் கீழே வைக்கவில்லை.

சென்னைக்காக ரஞ்சி கோப்பையில் தொடர்ந்து ஆடினார். அணிக்குத் தலைமையும் தாங்கினார். 1951-52 பருவம் வரை ஆடினார். அப்போது அவர் 42 வயதைக் கடந்திருந்தார். முதல்தரப் பந்தயங்களில் மொத்தம் 78 ஆட்டங்கள் ஆடி 194 விக்கெட்டுகள் எடுத்தார். 2,900 ரன்களுக்கு மேல் குவித்தார்.

ஆட்டத்தை விட்ட பிறகும் மைதானத்தை விடவில்லை. 1950-களில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தார். தேர்வாளர் எழுதும் ஒரு வரி ஒருவருடைய வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? சேப்பாக்கத்திலும் ஓவலிலும் வெளியே நின்றவர் அல்லவா?

தமது ஆட்டக்காரரைச் சென்னையும் மறக்கவில்லை. முதல்தரக் கிரிக்கெட்டில் அவர் 25 ஆண்டுகள் நிறைத்ததைக் கொண்டாட, 1952-53-ல் கோபாலன் கோப்பை என்ற போட்டி தொடங்கப்பட்டது. சென்னை அணியும் இலங்கை அணியும் அதில் மோதின. 1970-கள் வரை அது பெரும்பாலும் ஆண்டுதோறும் நடந்தது. ஒரு முறை சென்னை, ஒரு முறை கொழும்பு என்று விளையாட்டு வீரர்கள் கடலைத் தாண்டிப் போய் வந்தார்கள்.

இலங்கைக்கு அப்போது டெஸ்டு ஆடும் தகுதி கிடையாது. வலுவான அணியோடு மோதிப் பழக அந்த நாட்டு வீரர்களுக்கு இந்தக் கோப்பை நல்ல களமாக இருந்தது. 1981-ம் ஆண்டு இலங்கை டெஸ்டு நாடுகளின் வரிசையில் சேர்ந்தது. அந்தப் பாதையில் கோபாலன் பெயரும் ஒரு படிக்கட்டு.

தங்கப் பதக்கம் கழுத்தில் ஏறாமல் போனது. ஆனால் அவர் பெயர் ஒரு கோப்பையில் ஏறியது. பதக்கம் வென்றவரோடு அதன் பெருமை தங்கிவிடும். கோப்பையோ அடுத்து வரும் பிள்ளைகளின் கைகளில் மாறி மாறிப் போகும்.

2003-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி கோபாலன் சென்னையில் காலமானார். 94 வயது. அந்த நாளில் உலகில் உயிரோடு இருந்த டெஸ்டு வீரர்கள் எல்லோரிலும் வயதில் மூத்தவர் அவர்தான். ஒரே ஒரு டெஸ்டு ஆடிய மனிதர், கடைசியில் எல்லா டெஸ்டு வீரர்களுக்கும் மூத்தவராக நிறைவாழ்வு வாழ்ந்து கண் மூடினார்.