சேனாதிபதி விடைபெற்ற நாள்



யுத்தத்தில் வென்ற சேனாதிபதிகள் அந்த வாளைக்கொண்டே சிங்காசனம் ஏறிய கதைகளைச் சரித்திரத்தில் ஏராளமாய் வாசித்திருப்பீர்கள். வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு போனவர்கள் வெகு சிலரே. அவர்களில் ஒருவர் அமெரிக்க தேசத்து ஜார்ஜ் வாஷிங்டன்.

1732-ம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்த அவர், 11 வயதில் தந்தையை இழந்தார். 1775-ல் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்தபோது, காங்கிரஸ் சபை அவரைச் சேனாதிபதியாக நியமித்தது. சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டார். 1777-ன் கடைசியில் வாலி போர்ஜ் என்னுமிடத்தில் பாளையமிறங்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில் சுமார் 2,000 வீரர்கள், பெரும்பாலும் வியாதியால், மாண்டார்கள். சேனாதிபதி அவர்களை விட்டு அகலவில்லை.

1781-ல் யார்க்டவுனில் வெற்றி கிடைத்தது, சம்பளமோ கிடைக்கவில்லை. 1783 மார்ச்சில் நியூபர்க் பாளையத்திலிருந்த உத்தியோகஸ்தர் சிலர், சேனையைக் காட்டிச் சபையை மிரட்ட எண்ணினார்கள். வாஷிங்டன் அவர்கள் நடுவே சென்று புத்தி சொன்னார். பிறகு ஒரு கடிதத்தை வாசிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்தார். தேச ஊழியத்தில் தலை நரைத்தது போதாதென்று கண்ணும் மங்குகிறதென்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். கலகம் அத்தோடு அடங்கிற்று.

அவ்வாண்டு நவம்பர் 25-ந் தேதி பிரிட்டிஷ் சேனை நியூயார்க்கை விட்டுக் கப்பலேறியது. டிசம்பர் 4-ந் தேதி, அந்நகரத்துப் பிரான்சஸ் விடுதியில் உத்தியோகஸ்தர்கள் அவரை வழியனுப்பக் கூடினார்கள். அவர் திராட்சரச பாத்திரத்தை ஏந்தி, அவர்களுடைய பின்னாட்கள் நலமாயிருக்க வாழ்த்தினார். ஒவ்வொருவரும் வந்து தம் கையைப் பிடித்து விடைபெறக் கேட்டுக்கொண்டார். அருகில் நின்ற ஹென்றி நாக்ஸ் முதலில் கை நீட்டினார். இருவரும் கண்ணீரோடு தழுவி முத்தமிட்டார்கள். அவ்வாறே ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் வந்தார்கள். பேச ஒருவருக்கும் நா எழவில்லை. பின்பு துறைக்கு நடந்து படகேறித் தொப்பியை உயர்த்தினார்.

டிசம்பர் 23-ந் தேதி அன்னபொலிஸ் நகரில் தமது பதவியைச் சபையிடம் ஒப்புவித்தார். மறுநாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தின நாள், வீடு சேர்ந்தார். 1789 முதல் 1797 வரை ஜனாதிபதியாயிருந்து, அதையும் விட்டுத் திரும்பினார்.

அவர் மாசற்றவரென்று எண்ணிவிடாதீர்கள். ஆயுள் முழுதும் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார். 1799-ல் மரிக்குமுன் எழுதிய உயிலில், தமக்குச் சொந்தமான அடிமைகள் மனைவியின் காலத்துக்குப்பின் விடுதலையாக வேண்டுமென்று ஏற்பாடு செய்தார்.

ஆயினும் அந்த விடுதியில் நடந்ததைக் கவனியுங்கள். சம்பளப் பாக்கியைத் தீர்க்க அவரிடம் பணமில்லை, கொடுக்கப் பதவியுமில்லை. இனி அவரால் தங்களுக்கு ஆதாயம் எதுவுமில்லை என்றறிந்த மனிதர்களே அப்படி அழுதார்கள். வீட்டிலோ, பள்ளியிலோ, ஆலையிலோ, உங்கள் அதிகாரத்துக்குட்பட்டு உழைப்பவர்கள் உண்டல்லவா? அந்த அதிகாரம் உங்கள் கையை விட்டுப்போகும் நாளில், அவர்கள் எந்த மனதோடு உங்களை வழியனுப்புவார்கள்?