தீரர் சத்தியமூர்த்தி

சட்டசபைகளிலே தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தும் ஒருநாளேனும் மந்திரிப் பதவி வகியாதவர் சத்தியமூர்த்தி அவர்கள். இதுவே அன்னாரது வாழ்வில் நம்மை வியக்கவைப்பது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19 ஆந் திகதி பிறந்தார். இளமையிலே தந்தையாரை இழந்தமையால் குடும்பப் பாரம் அவர்மேல் விழுந்தது. ஆயினும் புதுக்கோட்டையிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, சட்டங் கற்று வழக்கறிஞரானார். மிஷன் கல்விச்சாலைகளிற் படித்த நமக்கு இதில் ஒரு தனி உவகை உண்டு. பாதிரிமார் கல்லூரியிற் பெற்ற ஆங்கிலத்தையே அவர் ஆங்கில ஆட்சிக்கெதிரான படைக்கலமாக்கினார். சுகுண விலாச சபையின் நாடகங்களில் நடித்தவருமாவார். அவர்தம் பேச்சுவன்மைக்கு அம்மேடைப் பழக்கமும் துணைநின்றிருக்கும் என்பது நம் எண்ணம்.

ஒத்துழையாமை இயக்கத்தின் பின், அந்நியர் அமைத்த சபையிற் கால்வைப்பதே இழுக்கெனக் காங்கிரசாரிற் பலர் கருதினர். சபைக்குள்ளேயும் போராடலாம் என்ற சித்தரஞ்சன்தாசரின் சுயராச்சியக் கட்சியைச் சார்ந்து, 1923 இல் அவர் சென்னைச் சட்டசபை புகுந்தார். கேள்வி நேரமே அவரது போர்க்களம். ஒரு கேள்விக்கு விடை வருமுன் அவ்விடையைப் பிளக்கும் அடுத்த கேள்வி ஆயத்தமாயிருக்கும். வாக்குப் பலமின்றியும் ஓர் அரசாங்கத்தைப் பொதுமக்கள் முன் பதில் சொல்ல வைக்கலாம் என்பதை அவர் காட்டினார். ஆனால், முத்துலட்சுமி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது அவர் எதிர்த்து நின்றது நமக்கு உடன்பாடன்று. பெரியாரிடத்தும் பிழையுண்டு.

1934 இல் நீதிக்கட்சியின் இராமசாமி முதலியாரைச் சென்னையில் வென்று தில்லி மத்திய சட்டசபை சென்றார். அங்கே பூலாபாய் தேசாயின் தலைமையில் காங்கிரஸ் கட்சியின் துணைத்தலைவரானார். மாகாணத்துக் குரல் இந்தியா முழுவதும் கேட்டது.

1937 இல் மாகாண ஆட்சி காங்கிரசின் கைக்கு வரவிருந்தது. அப்பொழுது தமக்குரியதாய்க் கருதப்பட்ட பல்கலைக்கழகத் தொகுதியை இராசகோபாலாச்சாரியாருக்கு விட்டுக்கொடுத்தார். இராசாசி பிரதம மந்திரியானார்; அமைச்சரவையிற் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. பதினான்கு ஆண்டு உழைத்தவருக்கு அது எளிதாக இருந்திருக்குமா? ஆயினும் கட்சியை விட்டு அவர் விலகவில்லை; தில்லிப் பணியைத் தொடர்ந்தார்.

1939 இற் சென்னை மேயரானபோது நகரம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940 இல் அடிக்கல் இடுவித்தார். 1944 இல் அது நிறைவேறியபோது அதைக் காண அவர் இல்லை. 1942 ஆகஸ்டிற் கைதாகி அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்படுகையில் முதுகெலும்பிற் காயமுற்று, 1943 மார்ச் 28 இற் சென்னையில் மறைந்தார்.

விருதுநகர் இளைஞர் காமராசரை அரசியலில் வளர்த்துவிட்டவர் அவரே. 1936 இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானபோது அவ்விளைஞரைச் செயலாளராக்கினார். 1947 ஆகஸ்ட் 15 இல் அந்தக் காமராசர் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குச் சென்று தேசியக் கொடியை ஏற்றினார். 1954 இல் முதலமைச்சரானபோதும் அவ்வீட்டுக்குச் சென்று அவர்தம் மனைவியாரை வணங்கினார்.