இடிக்காமல் ஊரைத் திருத்திய பேட்ரிக் கெடிஸ்



கறாரான ஆளைப் பார்த்தால் சரியான எம்டன் என்று இன்றும் சொல்கிறோம். அந்த ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த மாதமே அது கிளான் கிராண்ட் என்ற கப்பலை மூழ்கடித்தது. சென்னைக் கண்காட்சிக்காக ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த நகர வரைபடங்களும் படங்களும் அதோடு கடலுக்குள் போயின. அவர்தான் பேட்ரிக் கெடிஸ். மனிதர் அசரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களை வைத்து, 1915 ஜனவரியில் கண்காட்சியைச் சென்னையில் நடத்திவிட்டார்.

கெடிஸ் 1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். படித்தது உயிரியல். 1879-இல் மெக்சிகோ போன இடத்தில் சில காலம் பார்வை போயிற்று. பிறகு கண் தெளிந்தாலும், நுண்ணோக்கியில் கூர்ந்து பார்க்கும் வேலைக்கு அது ஒத்துழைக்கவில்லை. செடிகொடிகளைக் கவனித்த அதே பார்வையை மனிதர் வாழும் தெருக்களின் பக்கம் திருப்பினார்.

1886-இல் ஆனா மார்ட்டனை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் செய்ததை நம்மில் எத்தனை பேர் செய்வோம்? நல்ல பகுதியை விட்டுவிட்டு, எடின்பரோவின் பழைய நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற அடுக்குக் கட்டடத்திற்குக் குடிபோனார்கள். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பெருக்கினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னல்களில் பூத்தொட்டி வைத்தார்கள். அந்தப் பழைய நகரில் மிக மோசமான கட்டடத்தை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் வெளிச்சமும் காற்றும் வர வழி செய்வது, மற்றதைப் பழுது பார்ப்பது என்பதே அவர் முறை. நல்ல டாக்டர் கெட்ட பல்லை மட்டும் பிடுங்குவதைப் போல.

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்துத்தான் இங்கே வந்தார். மாகாணத்தின் ஊர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அங்கே நெருக்கத்தைக் குறைக்க, நேர்கோட்டில் புதுத் தெருக்கள் போடுவதாக ஒரு திட்டம் தயாராக இருந்தது. குறுக்கே நிற்கும் வீடுகள் எல்லாம் போய்விடும். கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். காலிமனை எது, இடிந்து கிடப்பது எது, மரம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். இருக்கும் சந்துகளையே சற்று அகலப்படுத்தி, பாழ்மனைகளைத் திறந்த வெளியாக்கினால் போதும், புதுத் தெருவே தேவையில்லை என்றார். அவர் போட்ட செலவுக் கணக்கு, பழைய திட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான். வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. வீடு இழந்த குடும்பம் எங்கே போகும், பிழைப்பை விட்டு எத்தனை தூரம் போகும் என்பதையும் அவர் செலவுப் பக்கத்தில்தான் எழுதினார். பல திட்டங்களில் அந்தக் கலம் காலியாகவே இருக்கும்.

நம் பின்பக்கச் சந்தை முழுவதும் காலி செய்யச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் வீடுகளில் சமைப்பவர்களும் பெருக்குபவர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன், ஒரு நாள் காலையில் அந்தச் சந்தில் நடந்து பாருங்கள். அடைத்துக் கிடக்கும் சாக்கடை ஒன்றுதான். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

1917 கெடிஸுக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டர் பிரான்சில் போரில் இறந்தான். இந்தியாவில் நோயில் கிடந்த ஆனாவிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மகனின் பழைய கடிதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் போனது தெரியாமலே அந்த அம்மையார் கண்மூடினார்.

இந்தூரில் பிளேக் பரவியிருந்தது. வரைபடமும் கையுமாகத் திரிந்த இந்தத் தாடிக்காரரைக் கண்டு, நோயைக் கொண்டுவருபவர் இவர்தான் என்று மக்கள் பயந்தார்கள். அவரோ தீபாவளி ஊர்வலம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். எந்தத் தெருவாசிகள் வீட்டைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்தார்கள். பிறகு கேட்க வேண்டுமா! குப்பை வண்டி வண்டியாக ஊரைவிட்டுப் போயிற்று. அழுக்கு அரக்கனும் பெரிய எலியும் பொம்மைகளாக வந்தன. தெருக் கூட்டுபவர்கள் வெள்ளை உடையில் ஊர்வலத்திலேயே நடந்தார்கள். எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். கடைசி ஆண்டுகளை பிரான்சின் மோன்பெலியேயில் கழித்தார். முன்பு ஒரு முறை வேண்டாம் என்று மறுத்த சர் பட்டத்தை 1932 தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் மோன்பெலியேயிலேயே காலமானார்.