திருப்பூர் குமரனின் தலையில் விழுந்த அடி

கொடி காத்த குமரனை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அவர் மில்லில் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிய ஏழைக் குமாஸ்தா என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

1904 அக்டோபர் 4-ந் தேதி சென்னிமலையில் பிறந்தார். இயற்பெயர் குமாரசாமி. பெற்றோர் நாச்சிமுத்து, கருப்பாயி. நெசவுக் குடும்பம். வறுமையால் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. இளம் வயதிலேயே ராமாயியை மணந்தார். தறி வருமானம் போதாமல் திருப்பூர் சென்று மில் வேலையில் சேர்ந்தார். கதர் உடுத்தினார். தேசபந்து வாலிபர் சங்கத்தில் ஈடுபட்டார்.

1932 ஜனவரி 4-ந் தேதி, பம்பாய் மணி பவனில் தங்கியிருந்த காந்தியடிகளைப் போலீசார் விடியுமுன் கைது செய்தனர். காங்கிரசுக்குத் தடை விதிக்கப்பட்டது. நாடு கொதித்தது. 10-ந் தேதி திருப்பூரில் பி.எஸ்.சுந்தரம் தலைமையில் தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டது. குமரன் கொடி ஏந்திச் சென்றார். போலீசார் தடியால் தாக்கினர். குமரனின் மண்டை பிளந்தது. கீழே சாய்ந்தபோதும் கொடியை அவர் விடவில்லை.

மண்டை ஓடு உடைந்ததாலேயே ஒருவர் இறந்துவிடுவதில்லை. பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. அடியின் வேகத்தில் மூளை குலுங்கி, ஓட்டில் மோதிக் கன்றிப்போகும். ரத்தக் குழாய் கிழிந்து ரத்தம் தேங்கும். மூளை வீங்கும். ஓடு விரிந்து கொடுக்காது. நெருக்கம் கூடக்கூட நினைவு தப்பும்; கடைசியில் மூச்சை நடத்தும் இடமே நசுங்கிவிடும்.

தேங்கிய ரத்தத்தை அறுவை செய்து அகற்ற இன்று வழி உண்டு. அன்று தமிழ்நாட்டில் மூளை அறுவைக்குத் தனிப் பிரிவே கிடையாது. வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் ராமமூர்த்தி 1950-லும்தான் அதைத் தொடங்கினர். குமரன் மறுநாள், 11-ந் தேதி, ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வயது 27. ராமாயி விதவையானார்.

தலையில் அடிபட்டவர் எல்லோரும் உடனே மயங்கி விழுவதில்லை. திலக் நகரிலும் செம்பூரிலும் சாரத்தில் ஏறி வேலை செய்பவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். விழுந்தவர் எழுந்து டீ குடித்துவிட்டு நன்றாகவே பேசுவார். சில மணி நேரம் கழித்து வாந்தி, கடும் தலைவலி, அடங்காத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி வரலாம். தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பிழைத்தவர்களிலும் சிலருக்கு வலிப்பு, மறதி, காரணமில்லாத கோபம் வரும். குடும்பத்தார் அதைக் கெட்ட குணம் என்றே எண்ணிவிடுகிறார்கள். அது காயத்தின் வேலை.

குமரன் பெயரில் திருப்பூரில் நினைவகமும் சாலையும் உள்ளன. நூற்றாண்டையொட்டி 2004-ல் மத்திய அரசு தபால் தலை வெளியிட்டது.